பனிநீலத்துக்கு எவ்வளவு தண்ணீர்

பனிநீலம் வளர்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தால் போதும். அதுதான் முக்கால்வாசிப் பேருக்கு வருவதில்லை. தொட்டியை வாங்கிக்கொண்டு போன மறுநாளே உரத்தைப் போடுவார்கள், காலையும் மாலையும் தண்ணீரைக் கொட்டுவார்கள், பத்தே நாளில் அழுக வைத்துவிட்டு "உங்க செடியே சரியில்லை" என்று பழியை எங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதனால்தான் அந்தச் சீட்டை அச்சடித்தோம்.

உங்கள் மேசை மேல் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறதே, அதே சீட்டுதான். அதைப் போய் ஏன் கட்டில் காலில் கட்டினாய் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். முதலில் செடியைப் பற்றிச் சொன்னால்தான் மீதி விளங்கும். தட்டச்சு செய்கிற அம்மா அவசரப்பட வேண்டாம், நான் நிதானமாகத்தான் பேசுவேன்.

மலையில் மரங்கள் நின்றுபோகிற உயரத்துக்கும் மேலே, பாறை இடுக்கில் வளர்கிற செடி அது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். கோடையில் பன்னிரண்டு நாள் பூக்கும். அந்த நீலத்தைப் பார்ப்பவர்கள் முதலில் கிட்டே குனிவார்கள், அப்புறம் தொட்டு வேறு பார்ப்பார்கள், தொட்டால் இதழ் கறுக்கும். பூ முடிந்ததும் இலை பழுத்துவிடும். பனிக்காலத்தில் மேலே ஒரு துரும்புகூட இருக்காது. செத்துப்போச்சு என்று குப்பையில் எறிந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் சரளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு மொட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கும். அடுத்த வருஷம் அதிலிருந்துதான் மறுபடி கிளம்பும். ஒரே செடி இருபது வருஷம்கூட நிற்கும்.

என் வீட்டுக்காரர்தான் முதன்முதலில் அதை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவர். ஊரில் அவரை நீலக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஊர்க்கோடியில் சரிவில் எங்கள் நாற்றங்கால், அதை ஒட்டியே வீடு, வீட்டின் பின்பக்கம் கண்ணாடி அறை. கல்யாணமான புதிதில் அவர் மலையிலிருந்து விதை கொண்டுவந்து வளர்த்தார். முதல் இரண்டு வருஷத்தில் அறுபது தொட்டியைச் சாகடித்தார். எல்லாம் பாசத்தால். நல்ல மண், நல்ல உரம், வேளாவேளைக்குத் தண்ணீர், குளிருக்குச் சாக்குப் போர்வை. அறுபதாவது தொட்டியைக் கவிழ்த்து அழுகின வேரைப் பார்த்துவிட்டு, வளர்ந்த ஆள், தேம்பித் தேம்பி அழுதார். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. "நீங்க குடுக்கிறதை நிறுத்துங்க, அது பிழைச்சுக்கும்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அந்த வருஷம்தான் முதல் பூ வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள். ஆகவே சீட்டை எழுதியது நான். அவர் அங்கும் இங்கும் நடந்துகொண்டே சொல்லுவார், நான் தேவையில்லாததை வெட்டிவிட்டு அடிப்பேன். படியுங்களேன். சத்தில்லாத மண்ணே போதும், உரம் வேண்டாம். விதையை ஈர மணலில் மூன்று மாதம் குளிரில் வைத்த பிறகே விதைக்கவும். இடம் மாற்ற வேண்டாம், ஒற்றை வேர், அறுந்தால் பிழைக்காது. தண்ணீர் ஊற்றுமுன் தொட்டியை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கவும். மொத்தென்றால் ஈரம் இருக்கிறது, கணீரென்றால் காய்ந்திருக்கிறது. மதியம் வாடினால் பதற வேண்டாம், சாயங்காலம் தானே நிமிரும். பனிக்காலத்தில் மாதம் ஒரு கரண்டி தண்ணீர் போதும், செத்துவிட்டதா என்று தோண்டிப் பார்க்க வேண்டாம்.

மதியம் வாடுகிற அந்த வரியில் மட்டும் அவருக்குத் திருப்தி இல்லை. "பதற வேண்டாம்னு போட்டது சரிதான். ஆனா பக்கத்துலயே நின்னு பார்த்துக்குங்கன்னும் ஒரு வரி போடேன்" என்றார். சீட்டில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். உண்மையாகவே இடம் இல்லை, பாருங்கள்.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருந்தது, வீட்டில் குருவி. ஏழு வயது. எதைக் கண்டாலும் தட்டிப் பார்ப்பது அவளுக்கு விளையாட்டு. தொட்டி, கதவு, பள்ளிப்பை, ஒன்று பாக்கி இருக்காது. அவர் உட்கார்ந்து மண் சலித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து வழுக்கை மண்டையில் இரண்டு தட்டுத் தட்டி, "கணீர்னு கேக்குதுப்பா, தண்ணி குடி" என்பாள். அவரும் உடனே எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "இப்ப தட்டிப் பாரு" என்று தலையைக் குனிவார். "மொத்துன்னுதான் இருக்கு" என்று அவள் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் வேலை நடக்கும். இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லையா என்று நான் சத்தம் போடுவேன்.

பூக்காலம் தொடங்கின வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் சாதாரணமாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் மதியம் கழுத்து வலிக்கிறது என்றாள், வெளிச்சத்தைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். வெளியூரிலிருந்தெல்லாம் பூப் பார்க்க ஆட்கள் வந்து நின்றிருந்த நேரம். சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. சாயங்காலம் அவள் நிமிரவில்லை. வேனில் கொண்டுபோனோம். "மதியமே கொண்டுவந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்று டாக்டர் சொன்னார். விடிவதற்குள் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் வைத்தே என் நாத்தனார் கேட்டார். "மதியத்துல இருந்து புள்ளையை ஏன்டா போட்டு வச்சிருந்தீங்க? யாருடா சொன்னது சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம்னு?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான்க்கா சொன்னேன்" என்றார்.

அது இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்தின கதை. அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அவரிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஒரு விசேஷத்துக்குப் போனால் அவர் உட்கார்ந்த வரிசையில் இரண்டு நாற்காலி காலியாகவே கிடக்கும். என் அம்மா கண்ணை மூடுகிற வரைக்கும் அவர் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. செடிக்குப் பார்த்த மாதிரி பிள்ளைக்கும் பார்த்தான் என்று அவர் காதுபடவே கரித்துக்கொட்டினார்கள்.  வீட்டுக்கு வந்து கண்ணாடி அறைக்குள் போய்விடுவார்.

நான் அவரை ஒரு நாளும் குத்திப் பேசியதில்லை. இதை என் பக்கத்து ஆட்களே பெரிய குணம் என்பார்கள். "உன் இடத்துல வேற ஒருத்தி இருந்தா அவனோட ஒரே கூரைக்குக் கீழ இருந்திருப்பாளா?" என்பார்கள். நான் சிரித்துவைப்பேன்.

போன கோடையில் அவர் நாற்றங்கால் கொட்டகையில் கையில் தொட்டியோடு விழுந்தார். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. உங்களுக்கு ஆஸ்பத்திரி அறிக்கை வந்திருக்கும், வீட்டுக்கு வரும் நர்ஸைக் கேட்டிருப்பீர்கள். கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டேன். நாலு மாதம் படுக்கையில் கிடந்த மனிதர், முதுகில் ஒரு புண் கிடையாது. மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்தேன். "உங்களை மாதிரி பார்த்துக்கிறவங்களை நான் பார்த்ததே இல்லைம்மா" என்று நர்ஸ் சொல்லுவாள். அந்த நாலு மாதத்தில் எங்களுக்குள் கல்யாணமான புதிதில் இருந்த நெருக்கம் திரும்பியிருந்தது. பொய்யில்லை. இடது கையால் கட்டில் சட்டத்தை ஒரு தடவை தட்டினால் தண்ணீர், இரண்டு தடவை தட்டினால் புரட்டிப் போட வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்தது செவ்வாய்க்கிழமைதோறும் வரும் பேச்சுப் பயிற்சி டீச்சர்.

அந்தப் பெண்மணி நல்லவர்தான். ஆனால் விடாக்கண்டர். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, வாயைக் குவித்துக் காட்டி, மாதக்கணக்கில் மல்லுக்கு நின்றார். இலை உதிர்கிற சமயத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பறவைப் படம் போட்ட அட்டையைப் பார்த்து என் வீட்டுக்காரர் "குருவி" என்றார். தெளிவாகவே சொன்னார். டீச்சருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நானும் அழுதேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம், அட்டையில் இல்லாத ஒரு வார்த்தை வந்தது. "சாவி" என்றார். என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் "சாவி" என்றார். "என்ன சாவி சார்? எந்தச் சாவி?" என்று டீச்சர் குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்டார். கொட்டகைச் சாவியாக இருக்கும் என்று நான் சொன்னேன். அதற்கடுத்த வாரம் "சாயங்..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் வேர்த்து விறுவிறுத்துப்போனார். வாசல் வரை வழியனுப்பப் போனபோது டீச்சர் சொன்னார்: "இனிமே வேகமா வரும்மா. இன்னும் ஒரு மாசத்துல வாக்கியமாவே பேசிடுவாரு. அவருக்குள்ள ஏதோ ஒண்ணு சொல்லணும்னு கிடந்து தவிக்குது, அதான் இப்படி முட்டுது."



அன்றைக்கே டீச்சருக்குப் போன் செய்து, பனிக்காலம் முழுக்க நாத்தனார் வீட்டில் இருக்கப்போகிறோம், வசந்தத்தில் கூப்பிடுகிறேன் என்றேன். நர்ஸிடமும் அதையே சொன்னேன். நாத்தனார் வீட்டுக்கு அவர் போய் இருபத்து மூன்று வருஷம் ஆகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

கட்டிலைக் கண்ணாடி அறைக்கு மாற்றினேன். அவருக்கு அது பிடித்த இடம், செடிகளின் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். அங்கே கணப்பு வைப்பதில்லை. வைத்தால் பனிநீலம் கெட்டுவிடும், உறக்கம் கலைந்து அகாலத்தில் முளைத்துவிடும். பனிக்காலம் தொடங்கும்போது எல்லாத் தொட்டிக்கும் புதுச் சீட்டுக் கட்டுவது எங்கள் வழக்கம். ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே வந்தேன், வரிசையில் கட்டிலும் வந்தது, அதற்கும் கட்டினேன். கேலிக்குச் செய்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். நான் யாரையும் கேலி செய்கிற ஆள் இல்லை. அந்த அறையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒரே விதி என்று இருந்தால் எனக்குக் கை நடுங்காது, அவ்வளவுதான்.

தண்ணீரைக் குறைத்தேன். குடிக்கும்போது அவருக்குப் புரையேறும், பார்த்துக் கொடுங்கள் என்று டாக்டரே சொல்லியிருந்தார். முதல் நாள் அரை டம்ளர். அப்புறம் கரண்டியில். அப்புறம் உதட்டை நனைக்கிற அளவு. பாலையும் நிறுத்திவிட்டேன். இரண்டு போர்வையில் ஒன்றை மடித்து வைத்தேன். புரட்டிப் படுக்கவைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. மணிக்கு ஒரு தடவை வந்து புரட்டிவிட்டுப் போனேன். கடைசி வரைக்கும் அவருக்கு முதுகில் புண் வரவில்லை என்று அறிக்கையில் இருக்கும்.

அவர் தட்டினார். ஆமாம், ஒரு தட்டு. தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். எனக்குத் தெரியாமல் இல்லை. சமையலறையில் நின்றால்கூடக் கேட்கும். கட்டில் சட்டம் தேக்கு, அதனால் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்த தொட்டியைத் தட்ட ஆரம்பித்தார், அது நன்றாகக் கேட்கும் என்று. காய்ந்த தொட்டி. கணீர் கணீரென்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஐந்தாம் நாள் நான் உள்ளே போனபோது அவர் தொட்டியைத் தட்டவில்லை. இடது கையை மெல்லத் தூக்கி, விரல் முட்டியால் தன் மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினார். என்னைப் பார்த்தார். சிரிக்க முயன்றார் என்றுகூடச் சொல்லலாம், உதடு வெடித்திருந்ததால் சரியாக வரவில்லை. அது குருவியின் விளையாட்டு.  மறுபக்கம் போய், வெயில் படாத தொட்டிகளைத் திருப்பி வைத்துக்கொண்டே அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன். என்ன இருந்தாலும் முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்த மனிதர்.

பதினோராம் நாள் காலையில் போய்விட்டார். நர்ஸுக்குப் போன் செய்தது நான்தான், அதையும் அறிக்கையில் போடுங்கள். அவள் வந்து அவர் உதட்டைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்க்காமலே வெளியே போய் உங்களைக் கூப்பிட்டாள்.

நேற்று நாத்தனார் என்னைப் பார்க்க வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த வயிறு எத்தனை வருஷமானாலும் ஆறாதும்மா. என் தம்பிதான், ஆனா நான் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன்" என்று அழுதார். வக்கீலும் அதையேதான் சொல்கிறார். மகளை இழந்த தாய், மனதுக்குள் வைத்துக் குமைந்திருக்கிறாள், நீதிபதிக்கே இரக்கம் வரும் என்கிறார். நீங்களும் நேற்று அதைத்தான் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். நான் போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏழாம் நாள் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

ஏழாம் நாள் மதியம் அவரைப் புரட்டும்போது பேசினார். குரல் காய்ந்துபோயிருந்தது. ஆனால் டீச்சர் சொன்ன மாதிரியே வாக்கியமாக வந்தது. "சாயங்காலம்... நான்தான் சொன்னேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, என் கையை அமுக்கி, "நான்தான்" என்று மறுபடி சொன்னார். நாத்தனார் இதைக் கேட்டால், சாகிற நேரத்திலாவது மன்னிப்புக் கேட்டானே என்பார்.

ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன். கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் நின்றேன். மாதக்கணக்காக அந்த டீச்சரோடு அவர் மல்லுக்கு நின்றது இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்குத்தான் என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது. என்னைப் பார்த்துச் சொல்லி, நான் பயப்பட வேண்டாம் என்று காட்டுவதற்குத்தான். ஆனால் இன்றைக்கு இப்படிச் சொல்கிறார், பேச்சு முழுதாக வந்த பிறகு என்ன சொல்வாரோ, யார் கண்டது? தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். பனிக்காலத்தில் ஊற்றக் கூடாது. அந்தச் செடி இனி வராது. அதற்குப் பிறகும் அவர் நாலு நாள் இருந்தார்.

அம்மா, நேற்று அடித்ததைக் கிழித்துவிடுங்கள். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

குருவிக்குக் கழுத்து வலித்த அன்று மதியம் பன்னிரண்டரை இருக்கும். அவர் பூப் பார்க்க வந்தவர்களை அப்படி அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார். ஆணியிலிருந்து வேன் சாவியை எடுத்துக்கொண்டு, குருவியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படி வரைக்கும் போய்விட்டார். நான்தான் போய் அவர் கையிலிருந்து சாவியை வாங்கித் திரும்ப ஆணியில் மாட்டினேன். "எதுக்கு இப்படிப் பதறுறீங்க? சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம். தானே நிமிர்ந்துடுவா" என்றேன்.

அவர் அவளைக் கட்டிலில் படுக்கவைத்தார். சாயங்காலம் வரைக்கும் அங்கிருந்து நகராமல், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே போய், வந்தவர்களைக் கவனித்தேன். அன்றைக்கு நல்ல கூட்டம்.